“முழுகாம இருக்கீங்களா?”: எக்ஸ்ரே அறைக் கேள்வியும் டாக்டர் ஆலிஸ் ஸ்டுவர்ட்டும்

#1 கதிர்அறை அக்கா

எல்லாருக்கும் வணக்கம். இருபது வருடத்துக்கு மேலாக எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பெண்களிடமாவது ஒரே கேள்வியைக் கேட்பேன். கர்ப்பமா, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா, கடைசியாக மாதவிலக்கு எப்போது வந்தது.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம். கல்யாணமாகி இங்கே சிங்கப்பூருக்கு வந்து, நீண்டகால வருகை அனுமதிக்கான மருத்துவப் பரிசோதனைக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கூடவே மாமியார். கேள்வியைக் கேட்டேன். பெண் வாயைத் திறக்கும் முன்பே மாமியார், “அதெல்லாம் இல்லம்மா, போன மாசம்தான் கல்யாணம்” என்றார். பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாமியாரை வெளியே உட்காரச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். மாற்று உடையை அவள் கையில் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டேன்: “கடைசியா தலைக்குக் குளிச்சு எத்தனை நாள் ஆச்சும்மா?” விரல் கணுக்களில் எண்ணினாள். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போய்த் திரும்பி வந்தாள். “நாப்பது இருக்கும்க்கா. அத்தைக்குத் தெரியாது.” அன்று படம் எடுக்கவில்லை. முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் சுவரில் இந்த விஷயத்துக்கு நான்கு மொழியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. தமிழில், “தாங்கள் கருவுற்றிருப்பதாக ஐயுறின் ஊழியரிடம் தெரிவிக்கவும்.” இதை யாரும் நின்று படித்து நான் பார்த்ததே இல்லை. மாற்றி எழுதித் தரச் சொல்லி மேலிடத்தில் கேட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் உங்களிடம் வந்தேன். உங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சட்டென்று புரிகிற மாதிரி, வெட்கப்பட வைக்காத மாதிரி, இதை எப்படிக் கேட்பீர்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வி எங்கள் வாய்க்கு வந்ததே ஒரு பெண் டாக்டரால்தான். படிக்கும்போது ஒரே ஒரு வரியில் அவர் பெயர் வந்தது, டாக்டர் ஆலிஸ் ஸ்டுவர்ட். அப்புறம் நானாகத் தேடிப் படித்தேன். நம்மவர்களில் நிறையப் பேருக்கு அவரைத் தெரியாது. நேரம் கிடைக்கும்போது கீழே எழுதுகிறேன்.

#2 ஜூரோங் அம்மா

அக்கா, அந்தப் பெண்ணை நினைத்தால் மனது என்னவோ செய்கிறது. நல்ல வேளை நீங்கள் கதவைச் சாத்தினீர்கள். எங்கள் அம்மா “முழுகாம இருக்கா” என்றுதான் சொல்வார். கர்ப்பம் என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

#3 பிடோக் கணக்கு வாத்தியார்

“ஐயுறின்” என்று எழுதியவர் இலக்கணப் பரீட்சை எழுதிய ஞாபகத்தில் எழுதியிருப்பார் போலிருக்கிறது. “நீங்கள் கர்ப்பமாக இருக்கலாம் என்று நினைத்தால் எங்களிடம் சொல்லுங்கள்.” இது போதாதா? ஆலிஸ் ஸ்டுவர்ட் பற்றி அவசியம் எழுதுங்கள். புள்ளியியல் வகுப்பில் அவர் பெயரைக் கேட்டிருக்கிறேன். அந்த ஆய்வில் ஒரு சிக்கல் உண்டு என்றும் சொல்வார்கள். நீங்கள் எழுதியதும் அதைப் பற்றிப் பேசலாம்.

#4 கதிர்அறை அக்கா

இரவு வேலை முடிந்து வந்தேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

ஆலிஸ் ஸ்டுவர்ட் 1906இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் பிறந்தவர். அப்பா, அம்மா இருவருமே டாக்டர்கள். பெண்கள் மருத்துவம் படிப்பதே அதிசயமாக இருந்த தலைமுறை அவருடைய அம்மாவுடையது. மகள் கேம்பிரிட்ஜில் மருத்துவம் படிக்கப் போனபோதும் நிலைமை பெரிதாக மாறவில்லை. முதல் நாள் விரிவுரை மண்டபத்துக்குள் அவர் நடந்து போக, உட்கார்ந்திருந்த ஆண் மாணவர்கள் அவர் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் தரையில் காலால் தட்டினார்களாம். அந்தப் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் தர ஆரம்பித்ததே 1948இல்தான். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1946இல், ஆலிஸ் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியின் ஃபெல்லோ என்ற உயர் தகுதியை நாற்பது வயதுக்குள் பெற்றுவிட்டார்.

போர்க் காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்களின் உடல்நிலையை ஆராய்ந்தார். குண்டுக்குள் டிஎன்டி என்ற வெடிமருந்தை நிரப்பும் வேலையில் நிறையப் பெண்கள் இருந்தார்கள். அந்த மருந்து இரத்தத்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. ஒரு மனிதரின் உடம்பை மட்டும் பார்க்காமல் அவர் எங்கே வேலை செய்கிறார், எதைத் தொடுகிறார், எதைச் சுவாசிக்கிறார் என்று கேட்கும் பழக்கம் அங்கேதான் படிந்தது என்று நினைக்கிறேன். போருக்குப் பிறகு ஆக்ஸ்ஃபர்டில் சமூக மருத்துவத் துறைக்குப் போனார். அதை நடத்திய பேராசிரியர் ரைல் 1950இல் இறந்துவிட, துறையின் அந்தஸ்தைக் குறைத்து, ஆளும் பணமும் இல்லாத ஒரு சின்னப் பிரிவாக்கி அவர் கையில் கொடுத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பிள்ளைகளுக்கு லுகேமியா, அதாவது இரத்தப் புற்றுநோய், கூடிக்கொண்டே வந்தது. இரண்டு வயதிலிருந்து நான்கு வயது வரை உள்ள பிள்ளைகள் அதிகம் செத்தார்கள். இவ்வளவு சின்ன வயதில் வருகிறது என்றால் காரணம் பிறப்பதற்கு முன்பே நடந்திருக்கலாம் என்று ஆலிஸ் யோசித்தார். அப்படியானால் அது யாருக்குத் தெரிந்திருக்கும்? டாக்டரின் கோப்பில் இல்லாத விஷயம் அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும். அம்மாக்களைக் கேட்டுவிடுவோம் என்று முடிவு செய்தார்.

1953 முதல் 1955 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து வயதுக்குள் புற்றுநோயால் இறந்த பிள்ளைகளின் பட்டியலை எடுத்தார். இறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே வயது, அதே பால், அதே ஊர்ப்பக்கத்தில் உயிரோடு இருக்கும் ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு அம்மாக்களிடமும் அதே கேள்வித்தாள். இருநூற்றுக்கும் மேற்பட்ட உள்ளூர்ச் சுகாதார அலுவலகங்களின் டாக்டர்கள் வீட்டுக்குப் போய்க் கேட்டார்கள். என்ன நோய் வந்தது, என்ன மருந்து சாப்பிட்டீர்கள், பொரித்த உணவு, கலர் மிட்டாய், வீட்டில் வளர்த்த பிராணி என்று எல்லாம் இருந்தது அந்தத் தாளில். நடுவில் ஒரு கேள்வி: எக்ஸ்ரே எடுத்தீர்களா?

முதல் சில கட்டு வந்ததுமே தெரிந்துவிட்டது. 1956இல் லான்செட் மருத்துவ இதழில் முதல் கணக்கை வெளியிட்டார். இறந்த பிள்ளைகளின் அம்மாக்கள் 547 பேரில் 85 பேருக்குக் கர்ப்பத்தின்போது வயிற்றில் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். உயிரோடிருக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள் 547 பேரில் 45 பேருக்கு. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. முழு அறிக்கை 1958இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது.

அந்தக் காலத்தில் எக்ஸ்ரே என்றால் அவ்வளவு நம்பிக்கை. செருப்புக் கடையில் பிள்ளைகளின் காலை எக்ஸ்ரே பெட்டிக்குள் விட்டு அளவு பார்த்த காலம் அது. வயிற்றில் இரட்டைப் பிள்ளையா, தலை எந்தப் பக்கம், இடுப்பெலும்பு போதுமா என்று பார்க்கக் கர்ப்பிணிகளுக்கும் சாதாரணமாக எடுத்தார்கள். நல்லதுக்கு என்று செய்த விஷயம் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று ஒரு பெண் சொன்னால் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை.

#5 தேக்கா பொடியன்

அக்கா, ஒரு சுவையான தகவல். அந்த ஆய்வுக்கு முதலில் பணம் கொடுத்தது லேடி டாட்டா நினைவு நிதி. 1,000 பவுண்டு. நம் டாட்டா குடும்பம்தான். மெஹர்பாய் டாட்டா 1931இல் லுகேமியாவில் இறந்தார். அவர் கணவர் தோராப்ஜி டாட்டா 1932இல் அந்த நோயை ஆராய அறக்கட்டளை வைத்தார். மெஹர்பாய் இந்தியாவில் குழந்தைத் திருமணத்துக்கு எதிராகப் போராடியவர். பெண்களுக்காகப் பேசிய ஒருவர் பெயரில் இருந்த பணம் இந்த அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

#6 பிடோக் கணக்கு வாத்தியார்

அருமையாக எழுதியிருக்கிறீர்கள் அக்கா. நான் சொன்ன சிக்கலுக்கு வருகிறேன். ஆலிஸ் ஸ்டுவர்ட்டைக் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம்.

பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா அந்தப் பத்து மாதத்தையும் தலைகீழாகப் புரட்டிப் பார்த்திருப்பாள். என்ன சாப்பிட்டேன், எங்கே விழுந்தேன், எந்த டாக்டர் என்ன செய்தார் என்று எல்லாம் அவளுக்கு ஞாபகம் வரும். பிள்ளை நன்றாக இருக்கும் அம்மாவுக்கு நான்கு வருடத்துக்கு முன்பு எடுத்த எக்ஸ்ரே மறந்தே போயிருக்கலாம். அப்படியானால் 85, 45 என்ற வித்தியாசத்தில் ஒரு பங்கு ஞாபகத்தின் வித்தியாசம்தானே? அன்றைக்கு எதிர்த்தவர்கள் சொன்னதும் இதைத்தான். 1960இல் கோர்ட் பிரவுன், டால், ஹில் என்ற மூன்று பெரிய மனிதர்கள், கர்ப்பத்தில் எக்ஸ்ரே பட்ட கிட்டத்தட்ட 40,000 பிள்ளைகளைப் பதிவேட்டிலிருந்து தொடர்ந்து பார்த்து, லுகேமியா கூடவில்லை என்று எழுதினார்கள். புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று காட்டியவர்கள் இந்த டாலும் ஹில்லும். அவர்கள் சொல்லைச் சாதாரணமாகத் தள்ள முடியுமா?

#7 ஈசூன் வாசகி

வாத்தியார் சார், கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதிலும் உண்டு.

1962இல் ஹார்வர்டைச் சேர்ந்த பிரையன் மக்மஹோன் அம்மாக்களின் ஞாபகத்தையே தொடாமல் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை மட்டும் வைத்துப் பார்த்தார். அமெரிக்காவின் வடகிழக்கு ஆஸ்பத்திரிகளில் பிறந்த ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். எக்ஸ்ரே எடுத்ததா இல்லையா என்பது பிள்ளைக்கு நோய் வருவதற்கு வெகு முன்பே தாளில் எழுதப்பட்டுவிட்டது. அதில் யார் ஞாபகமும் கலக்க முடியாது. அவருக்கும் எக்ஸ்ரே பட்ட பிள்ளைகளிடம் புற்றுநோய்ச் சாவு சுமார் 40 சதவிகிதம் கூடுதலாக வந்தது. ஆலிஸ் கண்ட அளவுக்கு இல்லை, ஆனால் அதே திசை.

நீங்கள் சொன்ன 40,000 பிள்ளைகள் கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியும். ஆனால் லுகேமியா அபூர்வமான நோய். அத்தனை பேரில் எதிர்பார்க்கக்கூடியதே சுமார் பத்து. பத்தை வைத்துக்கொண்டு கூடியது, கூடவில்லை என்று உறுதியாக என்ன சொல்ல முடியும்?

அப்புறம் 1970இல் ஆலிஸும் அவருடைய புள்ளியியல் துணைவர் ஜார்ஜ் நீலும் இன்னொன்றைக் காட்டினார்கள். எடுத்த படங்களின் எண்ணிக்கை கூடக் கூட ஆபத்தும் கூடியது. வெறும் மறதிக் குழப்பம் என்றால் இப்படி ஏணிப் படியாக ஏறுமா? கடைசியில் அந்த டாலே 1997இல் வேக்ஃபோர்டுடன் சேர்ந்து எல்லா ஆதாரத்தையும் மறுபடி பார்த்து, சிறிய அளவு கதிர்கூடக் கருவில் இருக்கும் பிள்ளைக்குப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது என்று எழுதினார். நாற்பது வருடம் ஆயிற்று.

#8 பிடோக் கணக்கு வாத்தியார்

ஏணிப் படி விஷயத்தை நான் யோசிக்கவில்லை. சரி, ஏற்றுக்கொள்கிறேன். டால் 1997இல் அப்படி எழுதியதும் எனக்குத் தெரியாது. நன்றி வாசகி அம்மா. நாளைக்கு என் மாணவர்களிடம் இதையே உதாரணமாகச் சொல்லப் போகிறேன்.

#9 பொங்கோல் புதுஅம்மா

மன்னிக்கவும், இதைப் படித்ததிலிருந்து கை நடுங்குகிறது. எனக்கு இப்போது ஒன்பது வாரம். ஐந்தாவது வாரத்தில் தெரியாமல் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டேன், வேலைக்கான பரிசோதனைக்கு. என்னிடம் கேட்டார்கள், எனக்கே தெரியாததால் இல்லை என்றேன். இரண்டு மடங்கு என்று மேலே எழுதியிருக்கிறது. என் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா?

#10 கதிர்அறை அக்கா

தங்கச்சி, முதலில் ஒரு மூச்சு விடும்மா. இதை நிதானமாகப் படி.

ஆலிஸ் ஆராய்ந்தது வயிற்றில் நேராக எடுத்த எக்ஸ்ரே. அதுவும் 1950களின் இயந்திரம், அதிகக் கதிர், பல தடவை பல படம். உனக்கு எடுத்தது நெஞ்சில். கதிர் நெஞ்சுக்கு மட்டும் போகும்படி கட்டியிருக்கும். கருவுக்குப் போய்ச் சேர்வது 0.01 மில்லிகிரேயைவிடக் குறைவு (மில்லிகிரே என்பது கதிரை அளக்கும் அலகு). நாம் எக்ஸ்ரே பக்கமே போகாவிட்டாலும் மண், காற்று, வானம் என்று இயற்கையிலிருந்தே பத்து மாதத்தில் இதைப் போல் எத்தனையோ மடங்கு கதிர் நம் மேல் படுகிறது. அன்றைக்கு வயிற்றில் எடுத்ததோடு இதை ஒப்பிடவே முடியாது.

இரண்டு மடங்கு என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வருவதே அபூர்வம். மிகச் சின்ன எண் இரண்டு மடங்கானாலும் சின்ன எண்தான். அந்தக் காலத்தில் வயிற்றில் எக்ஸ்ரே எடுத்த அம்மாக்களின் பிள்ளைகளிலும் மிகப் பெரும்பாலோர் நன்றாகவே வளர்ந்தார்கள்.

இதற்காக யாராவது ஏதாவது சொல்லிப் பயமுறுத்தினால் கேட்காதே. அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது தேதியைச் சொல், அவரும் இதையே சொல்வார். ஆலிஸ் பற்றி எழுதும்போதே இதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். பயம் கொடுத்ததற்கு மன்னித்துக்கொள்.

#11 பொங்கோல் புதுஅம்மா

அக்கா, அழுதுவிட்டேன். ராத்திரி முழுக்கக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. இப்போதுதான் சொன்னேன். நன்றி.

#12 பழைய நர்ஸ்

பிள்ளைகளா, நான் 1970களில் மருத்துவச்சிப் பயிற்சி எடுத்தவள். இப்போது எழுபது தாண்டிவிட்டது. பேத்திதான் தட்டச்சு செய்கிறாள்.

உங்களுக்கெல்லாம் அந்தக் காலத்துக் கூட்டம் தெரியாது. தேக்கா பக்கத்துப் பழைய கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரியில் 1966ஆம் வருடம் ஒரே வருடத்தில் 39,835 பிள்ளைகள் பிறந்தன. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கணக்கு அது. எங்களுக்கு மூத்த அக்காமார் சொல்வார்கள், ஒரு குழந்தையைத் துடைத்து வைப்பதற்குள் அடுத்த கட்டிலில் கூப்பிடுவார்களாம். நான் பயிற்சி எடுத்த இடத்திலும் இரட்டைப் பிள்ளையா, குறுக்கே கிடக்கிறதா என்று சந்தேகம் வந்தால் எக்ஸ்ரேக்கு அனுப்பியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது அதுதான் வழி. கையால் தடவிப் பார்ப்போம், காதுக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்போம், அதற்கும் தெரியாவிட்டால் எக்ஸ்ரே. ஸ்கேன் மெஷின் வந்த பிறகுதான் அது நின்றது.

தமிழ்ப் பெண்களிடம் கேட்பதைப் பற்றிச் சொல்கிறேன். எத்தனை பிள்ளை என்று கேட்டால் உயிரோடிருப்பதை மட்டும் சொல்வார்கள். ஒரு ஆயா மூன்று என்றார். “வயித்துல எத்தன தங்குச்சு ஆயா?” என்று மாற்றிக் கேட்டேன். அந்த அம்மா சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, “ஏழு. ரெண்டு கலஞ்சுச்சு, ஒண்ணு பொறந்து அஞ்சு நாள், ஒண்ணு மலாயா எஸ்டேட்டுல காச்ச வந்து போச்சு” என்றார். ஒரே ஆளிடம் கேள்வியை மாற்றிக் கேட்டதும் மூன்று ஏழாயிற்று. இந்த டாக்டரம்மா அம்மாக்களைக் கேட்டார் என்று படித்ததும் எனக்கு அந்த ஆயா முகம்தான் வந்தது.

#13 கதிர்அறை அக்கா

அம்மா, உங்கள் பேத்திக்கு நன்றி சொல்லுங்கள். ஸ்கேன் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. கிளாஸ்கோவில் டாக்டர் இயன் டொனால்டு வயிற்றை ஒலி அலையால் பார்க்கும் முறையை லான்செட்டில் வெளியிட்டதும் 1958தான். ஆலிஸின் முழு அறிக்கை வந்த அதே வருடம். ஆனால் அது எல்லா ஊருக்கும் வந்து சேர வெகு காலமாயிற்று. 1970கள் வரை பல நாடுகளில் கர்ப்பிணிகளுக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆலிஸ் சொன்னதும் உடனே கேட்டிருந்தால் என்று நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இந்த வேலையில் இருப்பதால் கூடுதலாகவே வருகிறது.

#14 ஈசூன் வாசகி

ஆலிஸுக்கு முன்பே ஒருவர் இந்த வழியைப் போட்டுவிட்டார். ஜேனட் லேன்-கிளேப்பன். 1877இல் லிங்கன்ஷயரில் பிறந்தவர். இவரும் டாக்டர். நோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் முறையை ஒழுங்காகச் செய்த முதல் ஆய்வு என்று இவருடையதைத்தான் சொல்கிறார்கள். 1926இல் மார்பகப் புற்றுநோய் வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் கேட்டு எழுதினார். எந்த வயதில் கல்யாணம், எத்தனை பிள்ளைகள், எவ்வளவு நாள் பால் கொடுத்தார்கள் என்று எல்லாம். பிள்ளை குறைவாகப் பெற்றவர்களுக்கு அந்த நோய் அதிகம் வருகிறது என்று அப்போதே கண்டார். இன்றைக்கும் அது மாறவில்லை.

அதற்கும் முன்பு 1912இல் பெர்லின் நகரத்துப் பிள்ளைகளின் எடையை வைத்துத் தாய்ப்பால் குடித்தவர்களையும் காய்ச்சிய பசும்பால் குடித்தவர்களையும் ஒப்பிட்டார். தாய்ப்பால் பிள்ளைகள் நன்றாக எடை போட்டிருந்தார்கள். அதோடு விடவில்லை. ஒருவேளை தாய்ப்பால் கொடுத்த வீட்டில் அப்பாவுக்குச் சம்பளம் அதிகமோ, அதனால் பிள்ளை கொழுத்ததோ என்று சந்தேகப்பட்டு அப்பாக்களின் வருமானத்தையும் எடுத்துப் பார்த்தார். வாத்தியார் சாருக்கு இது பிடிக்கும்.

இவ்வளவு செய்தவர் 1929இல் தன் ஐம்பத்திரண்டாவது வயதில், சுகாதார அமைச்சில் இருந்த ஓர் உயர் அதிகாரியைக் கல்யாணம் செய்துகொண்டார். பிரிட்டனில் அப்போது அரசாங்க வேலையில் இருக்கும் பெண் கல்யாணம் செய்தால் வேலையை விட வேண்டும். அந்த விதி 1946இல்தான் போயிற்று. ஜேனட் அதற்குப் பிறகு 1967 வரை உயிரோடு இருந்தார். முப்பத்தெட்டு வருடம். ஓர் ஆய்வும் வரவில்லை. எந்தக் கல்யாணக் கேள்வியை ஆயிரம் பெண்களிடம் கேட்டாரோ, அதே கல்யாணம் அவர் வேலையை எடுத்துக்கொண்டது. இங்கே நம் அரசாங்கச் சேவையில் பெண்களுக்குச் சம சம்பளம் வந்ததே 1962இல். பெண்களின் உரிமைகளுக்கான மாதர் சாசனச் சட்டம் வந்து ஒரு வருடம் கழித்து.

#15 ஜூரோங் அம்மா

ஐம்பத்திரண்டு வயதில் கல்யாணம் செய்ததற்கா வேலை போயிற்று! இதைப் படித்துவிட்டு என் மகளிடம் காட்டினேன். அவள் தரவு ஆய்வுப் படிப்புதான் படிக்கிறாள். இந்த இரண்டு பெயரும் அவள் பாடத்தில் இல்லையாம்.

என் விஷயம் ஒன்று சொல்கிறேன். நாற்பத்தெட்டு வயதில் மாதவிலக்கு நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு கிளினிக்கில் மூன்று தடவை காட்டினேன். வயசு அப்படித்தான் என்று இரும்பு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேட் மாற்றுகிறேன் என்று ஒரு தடவைகூட யாரும் கேட்கவில்லை. நான்காவது தடவை வேறோர் இடத்தில் ஓர் இளம் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார். மறு வாரமே ஸ்கேன். கருப்பையில் பெரிய கட்டி, நல்ல வேளை சாதாரணக் கட்டிதான். அந்தக் கேள்வியை யாராவது முதல் தடவையே கேட்டிருந்தால் ஒரு வருடம் ரத்தமில்லாமல் படி ஏறத் திணறியிருக்க மாட்டேன்.

#16 தேக்கா பொடியன்

ஆன்ட்டி, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. நான் ஆம்பளை, இந்த இழையில் பேசலாமா என்று யோசித்தேன். என் அக்காவுக்கும் இப்படித்தான். இன்றைக்கு ராத்திரியே அவளிடம் கேட்கிறேன்.

#17 பிடோக் கணக்கு வாத்தியார்

இங்கே நம் ஊரிலும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். பேராசிரியர் க. சண்முகரத்னம், நம் அதிபர் தர்மனின் தந்தை. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவகத்தை ஆரம்பித்தவர் அவர்தான். 1968 முதல் இங்கே யாருக்கு எந்தப் புற்றுநோய் என்று ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள். பெண்களுக்கு இங்கே அதிகம் வருவது மார்பகப் புற்றுநோய் என்று நாம் தெரிந்து பேசுவதும், 2002இல் மார்பகப் பரிசோதனைத் திட்டம் நாடு முழுக்க வந்ததும், அப்படி எண்ணி வைத்ததால்தான். மக்மஹோனுக்குப் பதிவேடு இல்லாமல் இருந்திருந்தால் ஆலிஸ் தனியாகவே நின்றிருப்பார். கேட்கவும் ஆள் வேண்டும், எழுதி வைக்கவும் ஆள் வேண்டும்.

ஒரு சந்தேகம். ஆலிஸின் பிற்காலம் என்ன ஆயிற்று?

#18 கதிர்அறை அக்கா

ஓய்வே எடுக்கவில்லை சார். 1974இல் ஆக்ஸ்ஃபர்டை விட்டு பர்மிங்ஹாம் போனார். அறுபத்தெட்டு வயது. அந்தச் சமயம் அமெரிக்காவில் ஹான்ஃபர்டு என்ற அணு ஆயுதத் தொழிற்சாலையின் தொழிலாளர்களை ஆராய்ந்துகொண்டிருந்த டாக்டர் மன்குசோ இவரையும் நீலையும் கூப்பிட்டார். 1977இல் மூவரும் வெளியிட்ட முடிவு, பாதுகாப்பு என்று வைத்திருந்த அளவுக்குள் கதிர் வாங்கியவர்களுக்கும் புற்றுநோய் கூடுகிறது என்றது. மன்குசோவின் ஒப்பந்தத்தை அரசாங்கம் முடித்துவிட்டது. தரவும் கையை விட்டுப் போனது. அந்தக் கணக்கைப் பற்றி நிபுணர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தொழிலாளர்களின் பதிவுகளை வெளி ஆய்வாளர்கள் பார்க்க விட வேண்டும் என்று அவர் பல வருடம் போராடினார். 1990களில் அது நடந்தது.

1986இல் ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தார்கள். தொண்ணூறு வயதுக்கு மேலும் வேலை பார்த்தார். 2002இல் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார்.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது எது என்றால், எக்ஸ்ரே கேள்வியைத் தனியாகக் கேட்கவில்லை. கலர் மிட்டாய்க்கும் வீட்டுப் பிராணிக்கும் நடுவில் வைத்தார். எது முக்கியம் என்று தானே முடிவு செய்யாமல், அம்மாக்களுக்கு ஞாபகம் இருக்கும் எல்லாவற்றையும் எழுதச் சொன்னார். நாங்கள் அப்படிக் கேட்பதில்லை. எங்களுக்கு நேரமில்லை, வெளியே பன்னிரண்டு பேர் காத்திருப்பார்கள். ஆமா, இல்லை என்று ஒரு கட்டத்தில் குறி போட்டுவிட்டு அடுத்த ஆள்.

#19 பழைய நர்ஸ்

பேத்தி மறுபடியும் தட்டுகிறாள். உங்கள் அறிவிப்புக்கு என் யோசனை. “முழுகாம” என்று சுவரில் எழுத முடியாது, சின்னப் பெண்களுக்குப் புரியாது. “கர்ப்பம்” எல்லாருக்கும் தெரியும். ஆனால் தனக்கே தெரியாத பெண்ணிடம் கர்ப்பமா என்று கேட்டு என்ன பயன்? பொங்கோல் பெண்ணுக்கும் அதுதானே நடந்தது. நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்று கேளுங்கள். அது எந்தப் பெண்ணுக்கும் தெரியும்.

#20 ஈசூன் வாசகி

“நாள் தள்ளிப் போயிருக்கிறதா?” இதுதான். அத்தையிலிருந்து பேத்தி வரை ஒரே அர்த்தம்.

#21 பிடோக் கணக்கு வாத்தியார்

அதோடு தனியாகச் சொல்லலாம் என்பதும் சுவரிலேயே இருக்கட்டும். மாமியார் படித்தாலும் பரவாயில்லை.

#22 கதிர்அறை அக்கா

இன்று காலை இப்படி எழுதிக் கொடுத்துவிட்டேன்:

“மாதவிலக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறதா? கர்ப்பமாக இருக்கலாம் என்று தோன்றுகிறதா? எக்ஸ்ரே எடுக்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள். தனியாகப் பேச வேண்டும் என்றால் கேளுங்கள், கதவைச் சாத்திவிட்டுப் பேசலாம்.”

நீளமாக இருக்கிறது, மற்ற மூன்று மொழியில் இவ்வளவு இல்லையே என்றார்கள். அவற்றிலும் சேர்த்துவிடலாமே என்றேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்கள். அதுவரை கடைசி வரியை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் பெரிதாக எழுதி, உடை மாற்றும் அறைக் கதவின் உள்பக்கம் நானே ஒட்டியிருக்கிறேன்.

#23 பொங்கோல் புதுஅம்மா

அக்கா, நேற்று ஸ்கேனுக்குப் போனோம். டாக்டரிடம் எக்ஸ்ரே தேதியைச் சொன்னேன். நீங்கள் சொன்னதையே சொன்னார். திரையில் வெள்ளையாக ஒரு பயறு மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. கணவர் இரண்டு தடவை எண்ணச் சொல்லிக் கேட்டார், ஒன்றுதானா என்று. ஒன்றுதான்.